சிப்பிச் சாம்பல் கிண்ணம்

சிப்பிச் சாம்பல் கிண்ணம் என்பது சங்கு, சிப்பி, மட்டி ஆகியவற்றின் ஓட்டை அறுத்தோ, தேய்த்தோ, ஒன்றோடொன்று ஒட்டியோ செய்யப்படும் புகைச்சாம்பல் தட்டு ஆகும். பேச்சு வழக்கில் இது ‘சிப்பி ஆஷ்ட்ரே’. திருச்செந்தூர், இராமேசுவரம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களின் கடைகளில் சோழி மாலை, சங்குத் திரைச்சீலை, மேசை விளக்கு ஆகியவற்றுடன் இதுவும் விற்கப்பட்டது. இன்று பெரும்பாலும் இதில் யாரும் சாம்பல் தட்டுவதில்லை. பழம்பொருள் சேகரிப்போரின் அலமாரியிலும் வரவேற்பறை மேசையிலும் அலங்காரமாக இருக்கிறது. இந்த மாற்றத்தில் இரண்டு சட்டங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒன்று சிப்பியைப் பற்றியது, மற்றது புகையைப் பற்றியது.

புகையிலை போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரூட்’ என்ற சொல் தமிழ்ச் ‘சுருட்டு’ என்பதிலிருந்து போனதே. ஆனால் சுருட்டுப் பிடித்தவர்கள் திண்ணையிலும் வரப்பிலும் அமர்ந்து பிடித்தார்கள். சாம்பல் மண்ணில் விழுந்தது. வெற்றிலை எச்சிலுக்குப் படிக்கம் வைத்த வீடுகளில்கூடச் சாம்பலுக்குத் தனிப் பாத்திரம் தேவைப்படவில்லை. கம்பளம் விரித்த அறை, மேசை நாற்காலி, கப்பல், கிளப், ஓட்டல் என்று புகைபிடிக்கும் இடம் மாறியபோதுதான் சாம்பல் கிண்ணம் அவசியமாயிற்று.

ஓடுகள் வந்த வழி

மன்னார் வளைகுடாவில் ஓட்டுக்குப் பஞ்சமில்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் இருந்த கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். அங்கு அகழாய்வில் அறுத்த சங்குத் துண்டுகளும் கிடைத்துள்ளன. சங்கறுத்து வளை கடைந்தவர்கள் மதுரை நகரில் இருந்ததை மதுரைக்காஞ்சி தெரிவிக்கிறது. பின்னர் தூத்துக்குடி இக்கரையின் தலைமைத் துறையாயிற்று. போர்த்துக்கீசியர், 1658 முதல் டச்சுக்காரர், அடுத்து ஆங்கிலேயர் என ஆண்டவர்கள் மாறினாலும், நீரில் மூழ்கியவர்கள் பெரிதும் இக்கரையின் பரதவர்களும் முஸ்லிம் குளியாளிகளுமே.

பிரிட்டிஷ் காலத்து முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிப்பவருக்கு, மீதி அரசுக்கு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். வாங்கியவர் சிப்பியைக் கரையில் அழுகவிட்டுக் கழுவி முத்தைத் தேடுவார். முத்து வணிகரோடு போய்விடும், ஓடு கரையில் கிடக்கும். அதன் பெரும் பயன் சுண்ணாம்பு. தூத்துக்குடியில் 1955 முதல் தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. எனினும் கடலடிப் பார்களிலிருந்து சிப்பி மலைமலையாகக் கரையேறும் காட்சி அதன்பின் திரும்பவில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். ‘தூத்துக்குடி முத்துச்சிப்பி’ என்று சொல்லிக் காட்டப்படும் பெரிய, ஆழமான கிண்ணம் அநேகமாகத் தூத்துக்குடியுடையது அன்று. இக்கடலின் முத்துச்சிப்பி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்; ஒரு சிகரெட்டைச் சாய்த்து வைக்கலாம், அவ்வளவே. ஒரு சாண் அகலமுள்ள கிண்ணம் என்றால் அது வேறு கடலின் பெரிய முத்துச்சிப்பியாகவோ, அந்தமான், இலட்சத்தீவுப் பவளத்திட்டுகளில் வாழும் இராட்சத மட்டியாகவோ இருக்கும்.

தூத்துக்குடியின் தனிச் செல்வம் சங்கு. அரசு முத்து, சங்கு மீன்பிடிப்புக் கண்காணிப்பாளராக இங்கே பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல், 1914இல் இந்தியாவின் புனிதச் சங்கு பற்றித் தனி நூலே எழுதினார். இச்சங்கின் பெரும் சந்தை வங்காளம். டாக்காவின் சங்காரி பஜாரில் பிறை வடிவ இரும்பு வாளால் கையால் அறுத்து, மணமான இந்துப் பெண்கள் அணியும் வளையலாக்கினார்கள். புழு துளைத்த சங்கு வளையலுக்கு ஆகாது. அத்தகைய கழிவும், குளிப்பவர் கூடவே எடுத்து வந்த ஐவிரல் சங்கு, முள்ளிச் சங்கு, சோழி முதலியனவும் அலங்காரப் பொருள் செய்வோரிடம் சேர்ந்தன. ஆக, சாம்பல் கிண்ணம் முத்துக்கும் வளையலுக்கும் பின்னால் வந்த மூன்றாந்தரச் சரக்கு. விலை குறைவு என்பதால் அதற்காகப் பட்ட பாடு குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர்கள் இன்றும் உள்ளனர். படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றை நம்பி அவர்கள் கடலடியில் நடக்கிறார்கள்.

ஓட்டின் பளபளப்பைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அலையில் உருண்டு கரை ஒதுங்கிய ஓடு தேய்ந்து, நிறம் மங்கி, துளை விழுந்திருக்கும். நிறமும் மினுக்கும் குறையாத ஓடு பெரும்பாலும் உயிரோடு எடுக்கப்பட்டது. சதையை அழுகவிட்டோ வேகவைத்தோ நீக்கி, நீர்த்த அமிலத்தில் முக்கி எடுத்து, எண்ணெய் பூசுவார்கள். சங்கின் மூடிகூட வீணாவதில்லை. ஊதுபத்தி, வாசனைப் பொருள் தயாரிப்புக்குப் போகிறது.

இரண்டு சட்டங்கள்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்களோடு 9 வகை மெல்லுடலிகளும், நான்காம் அட்டவணையில் 15 வகைகளும் சேர்க்கப்பட்டன. இராட்சத மட்டியின் இரு வகைகள், நாட்டிலஸ், தொப்பிச் சங்கு ஆகியவை அப்போது முதலாவதில் அடங்கின. டிரோக்கஸ், பச்சை டர்போ, ஐவிரல் சங்கின் உறவு வகைகள் சில, விளக்குக் கூண்டுக்கும் கோவா வீடுகளின் சன்னலுக்கும் பயன்பட்ட சன்னல் சிப்பி ஆகியவை இரண்டாவதில். சாதாரணப் பால்சங்கு இப்பட்டியலில் இல்லை. சாம்பல் கிண்ணத்துக்கு வசதியான பெரிய ஓடுகளோ பெரும்பாலும் பட்டியலுக்குள் வந்துவிட்டன.

அடுத்த அடி 2008 அக்டோபர் 2. அன்று நடைமுறைக்கு வந்த பொது இடப் புகைத் தடை விதிகள், அத்தகைய இடங்களில் ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் வைப்பதையே தடுத்தன. ஓட்டல் மேசையிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் கிண்ணம் அகன்றது. செய்ய ஓடும் இல்லை, வைக்க மேசையும் இல்லை என்ற நிலையில்தான் அது சேகரிப்புப் பொருளாயிற்று.

சேகரிப்போருக்கு

பழையது என்பதாலேயே ஒரு பொருள் சட்டத்துக்கு வெளியே நின்றுவிடாது. முதல் அட்டவணை உயிரினத்தின் ஓட்டில் செய்த பொருளை விற்பனைக்கு வைப்பது குற்றமே. எனவே வாங்குமுன் இனம் அறிவது முதல் வேலை. தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்ததற்கும் இது பொருந்தும். ஐயம் இருந்தால் வனத்துறையிடம் கேட்பது நல்லது.

அலங்காரமாக வைத்தபின் அதில் சிகரெட்டை அணைக்கக் கூடாது. முத்துப்படலத்தில் சுண்ணாம்போடு கரிமப் பொருளும் இருப்பதால் சூடு பட்ட இடம் பழுப்பாகிவிடும். அந்தக் கறை போகாது. வெண்கலப் பாத்திரம்போல் புளியோ எலுமிச்சையோ போட்டுத் துலக்கினால் ஓடே கரையும். வெறும் நீரும் மென்மையான தூரிகையும் போதும். மூடிய மர அலமாரியில் ஈரப்பதத்தோடு வைத்த ஓட்டின் மேல் சில ஆண்டுகளில் வெள்ளைப் பொடி பூக்கலாம். 1899இல் இதை விவரித்தவர் பெயரால் பைன் நோய் என்கிறார்கள். கிருமி எதுவும் காரணமில்லை. சில மரங்கள் விடும் அமில ஆவி ஓட்டை அரிப்பதே அது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் கண்ணாடித் தட்டும் காற்றோட்டமும் மரப்பெட்டியைவிடப் பாதுகாப்பானவை.