இருதயம் உரைக்கும் முன்னறிவிப்பு

மாரடைப்பிலிருந்து ஒருவர் பிழைத்துவிட்டார் என்று கேட்டால், ஆபத்து நீங்கிற்று என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும் பிழைத்தவர்களுள் சிலருடைய இருதயம் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மெல்ல விரிந்து பெரிதாகி, முடிவில் சோர்ந்து போகிறது. அவர்கள் யார் யார் என்பதை முதல் நாளிலேயே அறியக்கூடுமா? இவ்வினாவுக்கு மருத்துவர்கள் விடை தேடிய வரலாற்றை மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

உயிரோடிருப்பவரின் இருதயம் பெரிதாகியிருப்பதை அறிய வழி காட்டியவர்களுள் முன்னோடி, வியன்னா நகரத்து மருத்துவர் அவென்புருக்கர். மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்நிலையை உணரும் முறையை அவர் 1761-இல் வெளியிட்டார். காற்று நிறைந்த நுரையீரல் தெளிவாக ஒலிக்கும். இருதயம் இருக்கும் இடமோ மந்தமாக ஒலிக்கும். மந்த ஒலியின் எல்லை அகன்றிருந்தால் இருதயம் பெரிதாகியிருக்கிறது என்பது பொருள். நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் 1808-இல் அந்நூலைப் பிரெஞ்சு மொழியில் தந்த பின்னரே அம்முறை பரவிற்று. 1816-இல் பாரிஸில் லென்னெக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டார். தட்டும் விரலோடு கேட்கும் செவியும் சேர்ந்தது.

எனினும், இருதயத்தின் இரத்தக்குழாய் திடீரென அடைபட்டால் உடனே மரணம்தான் என்ற எண்ணமே நெடுங்காலம் நிலவியது. அடைபட்ட பின்னும் ஒருவர் உயிர் வாழலாம் என்பதை 1912-இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் எடுத்துக்காட்டினார். பிழைப்பவர் உண்டு என்றான பிறகே, பிழைத்தவரின் எதிர்காலம் என்ன என்ற கேள்வியும் பிறந்தது.

அதற்குச் சிறந்த விடை 1967-இல் நியூயார்க்கிலிருந்து வந்தது. தாமஸ் கில்லிப், ஜான் கிம்பால் என்னும் இருவர், தம் மருத்துவமனையில் மாரடைப்புக்கெனச் சிகிச்சை பெற்ற 250 பேரை நான்கு வகுப்பினராகப் பிரித்தனர். இருதயச் சோர்வின் அறிகுறி ஏதும் இல்லாதவர் முதல் வகுப்பினர். நுரையீரலின் அடியில் நெறுநெறுவென்ற ஒலியோ, குதிரைக் குளம்போசை போன்ற மூன்றாம் இருதய ஒலியோ கேட்பவர் இரண்டாம் வகுப்பினர். நுரையீரல் முழுதும் நீர் கோத்து மூச்சுத் திணறுபவர் மூன்றாம் வகுப்பினர். இரத்த அழுத்தம் வீழ்ந்து உடல் குளிர்ந்தவர் நான்காம் வகுப்பினர். அம்மருத்துவமனையில் இவர்களுள் இறந்தோர் முறையே நூற்றுக்கு 6, 17, 38, 81 பேர். விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, கண்ணும் கையும் செவியும் கொண்டு பெற்ற கணக்கு இது!

இவ்வறிகுறிகள் இருதயம் விரிவதையும் முன்னுரைப்பது ஏன்? நெறுநெறுப்பொலி கேட்கிறதென்றால், பெரும்பாலும் தசையின் பெரும்பகுதி சேதமுற்றுவிட்டது என்று பொருள். இறந்த தசை முதல் சில நாட்களிலேயே மெலிந்து நீள்கிறது. அறை அகலுகிறது. பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் பெயரால் வழங்கும் விதி ஒன்று உண்டு: உள்ளழுத்தம் மாறாதிருப்பினும், கலம் அகன்றால் அதன் சுவரின் இழுவிசை மிகும். எனவே விரிந்த இருதயம் மேலும் இழுக்கப்படுகிறது. இழுக்கப்பட்டு மேலும் விரிகிறது. 1970-களில் பால்டிமோர் ஆராய்ச்சியாளர்கள் ஒலியலைப் படங்களின் துணையால் இவ்விரிவைக் கண்ணாலேயே கண்டனர்.

முன்னறிந்து பயன் என்ன என்று நீங்கள் கேட்கலாம். தடுக்கும் வழியில்லாத முன்னறிவு துயரத்தை நீட்டிப்பதே ஆகும். அவ்வழியும் பிறந்தது. பாஸ்டனில் மார்க் பெஃபர், ஜானிஸ் பெஃபர் தம்பதியர் எலிகளை ஆராய்ந்து, காப்டோபிரில் என்னும் மருந்து இருதயத்தின் சுமையைக் குறைத்து விரிவை மட்டுப்படுத்துவதைக் கண்டனர். பின்னர் மாரடைப்பால் இருதயத்தின் ஆற்றல் குன்றிய 2,231 பேரிடம் அம்மருந்து சோதிக்கப்பட்டது. 1992-இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றோரிடையே மரண அபாயம் நூற்றுக்கு 19 பங்கு குறைந்திருந்தது.

இன்று அடைப்பை விரைவில் நீக்கும் முறைகள் உள்ளன. ஒலியலைப் படமும் எளிதில் கிடைக்கிறது. எனினும் கில்லிப் வகுத்த நான்கு படிகள் வழக்கொழியவில்லை. வருங்கால மருத்துவர்களாகிய உங்களுள் சிலர் நாளை நோயாளியின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பீர்கள். அவசரமின்றி, பொறுமையோடு கேளுங்கள். அங்கே கேட்கும் மெல்லிய ஒலி நோயாளியின் விதி அன்று, அது எச்சரிக்கை. எச்சரிக்கையைக் காலத்தில் செவிமடுத்தால் விளைவை மாற்றலாம் என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.