எல்லையோரத் தொழிலரின் நிலுவைக் கூலி: ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஓசூரில் சொந்தமாக லேத் ஓட்டுபவர், சிஎன்சி புரோகிராம் எழுதித் தருபவர், டூல் டிசைன் வரைபவர், இயந்திரப் பராமரிப்புக்குப் போய்வருபவர், சிறு கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுபவர் என எல்லோருக்கும் ஒரு கவலை பொது. வேலை முடிந்துவிடுகிறது, பணம் வருவதில்லை. இவர்களைக் காக்கச் சட்டம் இல்லை என்பது பரவலான எண்ணம். சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தேதியைப் பற்றிக்கொண்டு நிற்கிறது: பதிவு செய்த தேதி, சரக்கை ஒப்படைத்த தேதி, நோட்டீஸ் அனுப்பிய தேதி. அந்தத் தேதியை எழுத்தில் வைத்திருப்பவருக்கே சட்டம் துணை வருகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

2. களம்

சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. அதன் தொடக்ககாலத் தொழில் வளாகங்களுள் ஒன்று ஓசூர். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் 1980களில் இங்கு வேரூன்றின. அவற்றைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகளும், அக்கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைகளும் பெருகின. பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி, அதற்கப்பால் பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி. ஆகவே பட்டறை தமிழ்நாட்டிலும், வேலை கொடுக்கும் பார்ட்டி கர்நாடகத்திலும் இருப்பது இங்கு அன்றாட நடப்பு.

3. பாக்கி உருவாகும் விதம்

ஒரு காட்சியைப் பார்ப்போம். பட்டறைக்காரர் கடைந்து முடித்த புஷ்களைப் பெட்டியில் அடுக்கி, டூவீலரில் எல்லை தாண்டிக் கொண்டுபோகிறார். மாலை ஆறு மணி. ஸ்டோர் பூட்டியாகிவிட்டது. "வச்சிட்டுப் போங்க, காலையில் என்ட்ரி போட்டுக்கிறோம்" என்கிறார் வாட்ச்மேன். சலானின் இரண்டு படிகளும் சரக்கோடு உள்ளே போய்விடுகின்றன. கையெழுத்தோ இன்வார்டு முத்திரையோ இல்லாமல் அவர் திரும்புகிறார். இரண்டு மாதம் கழித்துப் பணம் கேட்டால் "மண்டே போட்டுடறோம் சார்" என்கிறார்கள். அதற்கும் அடுத்த மாதம் ரிஜெக்‌ஷன் என்று ஒரு டெபிட் நோட் வருகிறது. எப்போது ஒப்படைத்தார், எப்போது குறை சொன்னார்கள் என்பதற்குச் சான்று இல்லை.

இழப்பு இத்தோடு நிற்பதில்லை. பில் போட்டுவிட்டால், மாதக் கணக்குத் தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். வராத கூலிக்கும் அவர் கைப்பணத்திலிருந்துதான் வரி போகிறது.

4. சட்டக் காப்புகள்

4.1 குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006

இச்சட்டத்தின் 15ஆம் பிரிவு, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்துக்குக் கெடு வைக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாட்களைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள். பொருளோ சேவையோ கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும். கையெழுத்திட்ட சலான் இருந்திருந்தால் மேற்கண்ட டெபிட் நோட் வலுவிழந்திருக்கும்.

கெடு தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதாந்தரக் கூட்டு வட்டியாக ஏறும். 2023 பிப்ரவரி முதல் ஈராண்டுகள் அவ்விகிதம் 6.75 விழுக்காடு, மும்மடங்கு 20.25. அக்காலத்தில் 2 லட்சம் ரூபாய் பாக்கி ஓராண்டு நின்றிருந்தால் வட்டி மட்டும் ஏறத்தாழ 44,500 ரூபாய்.

பாக்கிக்கான மனுவை, இச்சட்டத்தின்கீழ் அமைந்த வசதியாக்க மன்றத்துக்கு இணையவழியாக அனுப்பலாம். முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்க்கும் வாங்குநர் தொகையில் 75 விழுக்காட்டை முன்கூட்டியே செலுத்த வேண்டும்.

4.2 சரக்கைப் பிடித்துவைக்கும் உரிமை

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கென்றே எழுதியது போன்றது. பிறர் கொடுத்த பொருளில் தன் உழைப்பையும் திறனையும் செலுத்தியவர், கூலி கிடைக்கும்வரை அப்பொருளைத் தன்னிடமே வைத்திருக்கலாம். வைரத்தைப் பட்டை தீட்டியவருக்கு இவ்வுரிமை உண்டு என்கிறது சட்டம் தரும் எடுத்துக்காட்டு. மூன்று மாதக் கடனுக்குக் கோட்டு தைக்க ஒப்புக்கொண்ட தையற்காரருக்கு இல்லை என்கிறது மற்றொன்று. கடன் சொன்ன நொடியில் இவ்வுரிமை கழிகிறது. சரக்கைக் கைமாற்றியதும் மறைகிறது.

4.3 வரி வழி அழுத்தம்

வருமான வரிச் சட்டத்தில் 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சேர்த்த 43பி(எச்) உட்பிரிவு, மேற்சொன்ன 15ஆம் பிரிவின் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தரும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்றது. ஜிஎஸ்டியிலும், 180 நாட்களுக்குள் பணம் தராத வாங்குநர் தான் எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும். பார்ட்டியின் ஆடிட்டருக்கு இவ்விரண்டையும் சுட்டி எழுதும் ஒரு கடிதம், பத்து போன் அழைப்புகளைவிட வலியது.

5. எல்லை தடையா?

பார்ட்டி கர்நாடகத்தில் இருந்தால் வழக்குக்குப் பெங்களூருக்கு அலைய வேண்டுமே என்ற அச்சத்திலேயே பலர் பாக்கியைக் கைகழுவுகிறார்கள். இரண்டு முக்கிய வழிகளில் இந்த அச்சத்துக்கு இடமில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18(4) பிரிவுப்படி, வழங்குநர் இருக்கும் பகுதியின் மன்றமே விசாரிக்கும். வாங்குநர் இந்தியாவில் எங்கிருந்தாலும் சரி. ஓசூர்க்காரர் தமிழ்நாட்டு மன்றத்திலேயே மனுச் செய்யலாம்.

செக் திரும்பிய வழக்கிலும் அப்படித்தான். 2014இல் தஷ்ரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில் உச்ச நீதிமன்றம், செக் கொடுத்தவரின் வங்கி இருக்கும் ஊரில்தான் வழக்கு என்றது. 2015இல் நாடாளுமன்றம் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தைத் திருத்தியது. இப்போது செக்கைக் கணக்கில் போட்டவரின் வங்கிக் கிளை இருக்கும் இடமே வழக்கின் இடம். ஓசூர்க் கிளையில் கணக்கு வைத்திருப்பவருக்கு இது பெரிய காப்பு. ஆனால் இங்கும் தேதிதான் ஆள்கிறது: செக் திரும்பிய தகவல் வந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ், அது கிடைத்தபின் பார்ட்டிக்கு 15 நாள் அவகாசம், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார்.

6. வரம்புகள்

முதலாவது, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனைப் பெறத் தேவையான பதிவு. சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், சரக்கு கொடுத்தபின் செய்த பதிவு பழைய பாக்கிக்குப் பயன்படாது என்றது. இக்கேள்வி பின்னர் பெரிய அமர்வின் பார்வைக்குப் போனாலும், ஆர்டருக்கு முன்பே, குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவைச் செய்துவிடுவதே அறிவு. அதற்குக் கட்டணம் இல்லை. இரண்டாவது, காலவரம்பு. பாக்கிக்கு வழக்கிட மூன்று ஆண்டுகளே உண்டு. அதற்குள் பார்ட்டி பாக்கியை ஒப்புக் கையெழுத்திட்டால் காலம் புதிதாகத் தொடங்கும். மூன்றாவது, தாமதம். மன்றம் 90 நாட்களில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் இது நீள்வதுண்டு. நான்காவது, திவால் சட்டம். 2020இல் அதன்கீழ் மனுச் செய்யத் தேவையான குறைந்தபட்சப் பாக்கித் தொகை 1 கோடி ரூபாயாக உயர்ந்ததால், அந்த வாசல் சிறு பட்டறைக்கு அடைபட்டது.

7. நடைமுறை நெறி

வேலைக்கு முன்: உத்யம் பதிவு, எழுத்தில் பர்ச்சேஸ் ஆர்டர் (பி.ஓ.), அதில் தொகையும் கெடுவும். புதிய பார்ட்டியிடம் பாதி அட்வான்ஸ். மீதி, சரக்கு எடுக்கும்போது.

ஒப்படைக்கும்போது: கையெழுத்தும் முத்திரையும் தேதியும் உள்ள சலான் படி இல்லாமல் கேட்டைவிட்டு வரக் கூடாது. டிசைன், புரோகிராம் போன்ற வேலைகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றதாகப் பதில் வாங்க வேண்டும். பில்லில் உத்யம் எண் இருக்க வேண்டும்.

அதன் பின்: 46ஆம் நாளில் எழுத்தில் நினைவூட்டல். ஆண்டுதோறும் மார்ச் முடிவில் பாக்கி ஒப்புதல் கடிதம். பழைய பாக்கி தீராமல் அடுத்த லாட் கிடையாது.

8. முடிவு

பார்ட்டி போய்விடுவார் என்ற பயமே சலானில் கையெழுத்துக் கேட்க விடாமல் நாவைக் கட்டுகிறது. கையெழுத்துக் கேட்டதற்காகப் போய்விடும் பார்ட்டி, கூலியும் தந்திருக்க மாட்டார். உழைத்தவர் தன் கூலியைக் கேட்பது சண்டையாகாது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பட்டறை வைத்திருப்பவர்களே, அடுத்த லாட் வெளியே போகுமுன் சலான் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கையெழுத்தில்லாத படி ஒன்று இருந்தாலும், இன்றே போய் வாங்கிவிடுங்கள்.