அமெரிக்க நகரங்களில் ஹிஸ்பானிய, ஆசியச் சமூகங்களின் உட்பன்மை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசுப் பதிவேடுகள் மக்களை வகைப்படுத்தும்போது 'ஹிஸ்பானியர்', 'ஆசியர்' என்ற இரு பெயர்களையும் ஆள்கின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹிஸ்பானியர் சுமார் 6.2 கோடிப் பேர். ஆசியர், கலப்பு மரபினரையும் சேர்த்து, சுமார் 2.4 கோடிப் பேர். இந்த இரண்டு பெயர்களுக்குள் மொழியாலும் மதத்தாலும் வருமானத்தாலும் வந்துசேர்ந்த வழியாலும் வேறுபட்ட பற்பல மக்கள் அடங்கியிருக்கிறார்கள். பெருநகரங்களில், ஒரே தெருவில், இந்த வேறுபாடுகளைக் கண்ணால் காணலாம்.

வகைகளின் வரலாறு

1930 கணக்கெடுப்பில் 'மெக்சிகர்' என்பது தனி இனமாகப் பதிவானது. எதிர்ப்பு எழுந்ததால் 1940இல் அது நீக்கப்பட்டது. ஸ்பானிய வழிவந்தவரா என்ற கேள்வி 1970இல் ஒரு பகுதி மக்களிடம் மட்டும் கேட்கப்பட்டு, 1980 முதல் எல்லோரிடமும் கேட்கப்படுகிறது. 1977இல் மத்திய அரசு எல்லாத் துறைகளுக்கும் பொதுவான வகைப்பாட்டை வகுத்தது. பசிபிக் தீவினர் ஆசியரிடமிருந்து பிரிக்கப்பட்டது 1997இல்தான்.

இந்தியர்கள் அடைந்த மாற்றங்கள் இன்னும் வியப்பானவை. 1920 முதல் 1940 வரை சீக்கியர், முஸ்லிம் என்ற வேறுபாடின்றி அனைவரும் 'இந்து' என்றே குறிக்கப்பட்டனர். 1970இல் வெள்ளையரோடு சேர்த்து எண்ணப்பட்டனர். 1980இல் 'ஆசிய இந்தியர்' ஆயினர். மக்கள் மாறவில்லை, படிவம்தான் மாறியது. மறுபுறம், 'ஆசிய அமெரிக்கர்' என்ற பெயர் அரசு தந்ததன்று. 1968இல் பெர்க்லியில் யூஜி இச்சியோகாவும் எம்மா கீயும் சீன, ஜப்பானிய, பிலிப்பைன்ஸ் மாணவர்களை ஒரே அரசியல் அணியாகத் திரட்ட அதை முன்வைத்தனர். ஒற்றுமைக்காகப் பிறந்த பெயர், பின்னர் எண்ணிக்கைக்கான பெயராகவும் ஆயிற்று.

வகைகளின் விளிம்புகள் தெளிவற்றவை. போர்த்துகீசியம் பேசும் பிரேசிலியர் அரசு விளக்கப்படி ஹிஸ்பானியர் அல்லர். ஸ்பெயினிலிருந்து வந்தவர் ஹிஸ்பானியர். மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்து, இன்றும் ஸ்பானியக் குடும்பப்பெயர்களைத் தாங்கும் பிலிப்பைன்ஸ் மக்கள் ஆசியர். நியூயார்க்கின் ரிச்மண்ட் ஹில்லில் வாழும் கயானா மக்களில் பலருடைய முன்னோர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள். அவர்கள் எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்பதற்குப் படிவத்தில் நேரான விடை இல்லை.

வந்துசேர்ந்த வழிகள்

உட்பன்மையின் வேர் குடியேற்றச் சட்டங்களிலும் போர்களிலும் இருக்கிறது. போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமக்கள். அவர்களுக்கு விசா என்ற பேச்சே இல்லை. 1959 புரட்சிக்குப்பின் கியூபாவை விட்டு வந்தவர்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தர வசிப்புரிமைக்கு வழி திறந்தது. எல் சால்வடோரின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கோ 1980களில் கதவு அடைபட்டிருந்தது: 1984இல் அவர்களுடைய புகலிட விண்ணப்பங்களில் நூற்றுக்கு மூன்றுகூட ஏற்கப்படவில்லை. கம்யூனிச அரசிடமிருந்து ஓடிவந்தவர் அகதி, வாஷிங்டனின் ஆதரவு பெற்ற அரசிடமிருந்து ஓடிவந்தவர் சட்டவிரோதக் குடியேறி என்ற அந்த அநீதியின் விளைவு இன்றும் நீடிக்கிறது. மயாமியின் கியூபக் குடும்பத்துக்கும் லாஸ் ஏஞ்சலஸின் சால்வடோர் குடும்பத்துக்கும் இடையிலுள்ள சொத்து, அரசியல் செல்வாக்கு வேறுபாடுகளை இதை ஒதுக்கிவிட்டு விளங்கிக்கொள்ள முடியாது.

ஆசியரிலும் இதே பிளவு உண்டு. 1882இல் சீனத் தொழிலாளர் வருகை தடுக்கப்பட்டது. 1917, 1924 சட்டங்கள் ஆசியாவின் பெரும்பகுதிக்கும் கதவை மூடின. 1965 சட்டம் தொழில்திறன் உடையவர்களுக்கும் குடும்ப உறவினருக்கும் முன்னுரிமை தந்ததும் இந்திய மருத்துவர்களும் பொறியாளர்களும், பிலிப்பைன்ஸ் செவிலியர்களும் பெருகினர். 1975க்குப்பின் வியட்நாமியர், கம்போடியர், லாவோஸின் மோங் மலைமக்கள் ஆகியோர் அகதிகளாக வந்தனர். பட்டத்தோடு விமானம் ஏறியவரும், அகதி முகாமிலிருந்து வந்த மலைநாட்டு உழவரும் ஒரே புள்ளிவிவர வரிசையில் நிற்கிறார்கள்.

நியூயார்க்

குயீன்ஸ் பகுதியில் ரூஸ்வெல்ட் அவென்யூவின் மேல்பாலத்தில் ஓடும் 7ஆம் எண் ரயிலின் தடம் இந்த உட்பன்மையை வரிசையாகக் காட்டுகிறது. உட்சைடில் 'லிட்டில் மணிலா' எனப்படும் பிலிப்பைன்ஸ் கடைவீதி. ஜாக்சன் ஹைட்ஸின் 74ஆம் தெருவில் இந்திய நகைக்கடைகள், வங்கதேச மளிகைகள், இடையிடையே திபெத்திய, நேபாள உணவகங்கள். சற்றுத் தள்ளி 82ஆம் தெருவில் கொலம்பிய அடுமனைகள். கொரோனாவில் ஈக்வடோர், மெக்சிகோ மக்கள். நியூயார்க்கின் மெக்சிகர்களில் பெரும்பங்கினர் பியூப்லா மாநிலத்திலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் வந்தவர்கள். கடைசி நிலையமான ஃப்ளஷிங்கில் சீனரும் கொரியரும். ஒருவர் பின் ஒருவராக உறவினரை அழைத்துக்கொண்டதால் ஒரே மாவட்டத்தார் ஒரே பேட்டையில் சேர்ந்தனர்.

நகரின் சீனரும் ஒரே கூட்டத்தார் அல்லர். மன்ஹாட்டனின் பழைய சைனாடவுன் தைஷான், கான்டனீஸ் பேசியவர்கள் கட்டியது. 1980களிலிருந்து ஃபூஜோவிலிருந்து வந்தவர்கள் அதன் கிழக்கு ஓரமான ஈஸ்ட் பிராட்வேயை நிரப்பி, பிறகு புரூக்ளினின் சன்செட் பார்க்கிலும் பெருகினர். ஃப்ளஷிங்கை வளர்த்தவர்கள் தைவானிலிருந்து வந்தவர்கள். அதே ஃப்ளஷிங்கில்தான் 1977இல் குடமுழுக்கு கண்ட விநாயகர் கோயிலும் இருக்கிறது. அதன் கீழ்த்தளத்து உணவகத்தின் தோசை நகரெங்கும் பெயர் பெற்றது.

ஹிஸ்பானியரில், கிழக்கு ஹார்லெம் போர்ட்டோ ரிக்கோ மக்களின் 'எல் பாரியோ'. வாஷிங்டன் ஹைட்ஸ், 1961இல் சர்வாதிகாரி ட்ரூஹியோ கொல்லப்பட்டபின் பெருமளவில் வந்த டொமினிக்கர்களின் பேட்டை. பிராங்க்ஸில் ஹோண்டுராஸ் கடற்கரையின் கரிஃபூனா மக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்க, கரீபியப் பழங்குடி வழிவந்த இவர்களின் தாய்மொழி ஸ்பானியம் அன்று.

லாஸ் ஏஞ்சலஸ்

இங்கே ஹிஸ்பானியரில் மெக்சிகரே பெரும்பான்மை. வெஸ்ட்லேக், பீகோ யூனியன் பகுதிகளில் சால்வடோர், குவாத்தமாலா மக்கள் திரண்டுள்ளனர். ஹிஸ்பானியருக்குள் இன்னொரு அடுக்கும் உண்டு: மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்து ஸாப்போடெக் மக்களுக்கும் குவாத்தமாலாவின் மாயா மக்களுக்கும் ஸ்பானியம் இரண்டாம் மொழி, சிலருக்கு அதுவும் தெரியாது. குடியேற்ற நீதிமன்றங்களில் கிச்சே, மாம் போன்ற மாயா மொழிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்காமல் வழக்குகள் திணறுவது இதனால்தான். 'ஹிஸ்பானியர்' என்று பதிந்ததும் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை அமர்த்திவிடும் அலுவலகம், வந்தவரின் வாயை அடைத்துவிடுகிறது.

பேட்டையின் பெயரும் அங்கே வாழ்வோரும் எப்போதும் பொருந்துவதில்லை. கொரியாடவுனின் கடைகள் பெரும்பாலும் கொரியருடையவை. குடியிருப்போரில் லத்தீன் அமெரிக்கரே அதிகம். அதன் ஓரத்தில் 'லிட்டில் பங்களாதேஷ்' இருக்கிறது. 1992இல் நகரில் மூண்ட கலவரத்தில் 2,000க்கும் மேற்பட்ட கொரியக் கடைகள் சேதமுற்றன. கைதானவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் லத்தீன் அமெரிக்கர். கறுப்பர்–கொரியர் மோதல் என்று மட்டும் அதை எழுதிய செய்திகள் பாதியையே சொல்லின. நகருக்கு வெளியே வெஸ்ட்மின்ஸ்டர் வியட்நாமியருக்கும் லாங் பீச் கம்போடியருக்கும் மையங்கள்.

பிற நகரங்கள்

சிகாகோவில் பில்சன் மெக்சிகருடையது, ஹம்போல்ட் பார்க் போர்ட்டோ ரிக்கோ மக்களுடையது. டெவான் அவென்யூவில் இந்தியரும் பாகிஸ்தானியரும் அடுத்தடுத்துக் கடை வைத்துள்ளனர். மயாமியின் 'லிட்டில் ஹவானா'வில் இன்று நிகராகுவா, ஹோண்டுராஸ் மக்களும் நிறைந்துள்ளனர். அருகிலுள்ள டோரல் வெனிசுவேலர்களின் ஊராகிவிட்டது. மின்னசோட்டாவின் செயின்ட் பால், மோங் மக்களின் தலைநகரம் எனத்தக்கது. மியான்மரின் கரேன் அகதிகளும் அங்கே குடியேறினர்.

சராசரியும் பிரிப்பும்

ஆசியர் என்ற ஒற்றைச் சராசரி வளமானவர்களைக் காட்டி வறியவர்களை மறைக்கிறது. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, 2016இல் ஆசியரில் மேல் படியில் இருந்தவர்களின் வருமானம் கீழ்ப்படியினரைப் போல் 10.7 மடங்கு, வேறு எந்த இனத்திலும் அன்று இவ்வளவு இடைவெளி இல்லை. இந்தியக் குடும்பங்களின் வருமானம் உயரத்தில் இருக்க, மியான்மர் அகதிக் குடும்பங்கள் மிகக் கீழே உள்ளன. உதவித்தொகையும் மருத்துவத் திட்டங்களும் சராசரியைப் பார்த்து வகுக்கப்படும்போது இழப்பவர்கள் அவர்களே. ஆதலால்தான் கலிபோர்னியா 2016இலும் நியூயார்க் 2021இலும் ஆசியத் தரவுகளை உட்குழு வாரியாகத் திரட்டச் சட்டம் செய்தன.

மார்ச் 2024இல் மத்திய அரசும் தன் வகைப்பாட்டைத் திருத்தியது. இனம், ஹிஸ்பானிய மரபு என்ற இரு கேள்விகளும் ஒன்றாயின. உட்குழு விவரம் கேட்பது பொதுவிதியாயிற்று. மாதிரிப் படிவத்தில் ஹிஸ்பானியருக்கு மெக்சிகர், போர்ட்டோ ரிக்கர், சால்வடோரர், கியூபர், டொமினிக்கர், குவாத்தமாலர் என்றும், ஆசியருக்குச் சீனர், ஆசிய இந்தியர், பிலிப்பினோ, வியட்நாமியர், கொரியர், ஜப்பானியர் என்றும் ஆறாறு கட்டங்கள் உள்ளன. கொலம்பியரும் மோங் மக்களும் வங்கதேசத்தவரும் தம் பெயரைக் கையால் எழுத வேண்டும்.