குடியானவர் கிளர்ச்சியும் லூத்தரின் இரு நூல்களும்

1. கேள்வி

வறுமையும் ஏற்றத்தாழ்வும் மக்களை நெருக்கும்போது அவர்கள் கலகத்தில் இறங்குவது எப்போதேனும் நியாயமாகுமா? இக்கேள்வி திருச்சபைக்குப் புதியதன்று. சீர்திருத்தம் தொடங்கிய எட்டு ஆண்டுகளுக்குள், அது பிறந்த நாட்டிலேயே, மிகக் கடுமையான வடிவில் இது எழுந்தது. 1524, 1525 ஆகிய ஆண்டுகளில் ஜெர்மன் நாட்டில் நிகழ்ந்த குடியானவர் கிளர்ச்சியையே குறிப்பிடுகிறோம். 2025-ஆம் ஆண்டோடு அதற்கு 500 ஆண்டுகள் நிறைவுற்றன.

நம் சபைகளில் லூத்தரின் ஞானோபதேசக் குறிப்பிடத்தைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தோர் பலர். அது வெளிவந்த 1529-க்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே ஆசிரியர் குடியானவரைக் குறித்து எழுதிய இரு சிறு நூல்களை அறிந்தோர் சிலரே. அவ்விரண்டையும் அவை எழுந்த சூழலில் வைத்து நோக்குவது, போதகப் பணிக்கு ஆயத்தமாவோருக்குப் பயன் தரும் என எண்ணுகிறோம்.

2. குடியானவர் கேட்டவை

கலகம் கலகமாகத் தொடங்கவில்லை என்பதை முதலாவது கவனிக்க வேண்டும். 1525-ஆம் ஆண்டின் முற்பகுதியில் தென் ஜெர்மனியிலுள்ள மெம்மிங்கன் நகரில் பன்னிரண்டு கோரிக்கைகள் எழுத்தில் வடிக்கப்பட்டன. உரோமத்தோல் ஆடை செய்யும் தொழிலாளியான செபாஸ்தியன் லோட்ஸரும், அந்நகரின் பிரசங்கியார் கிறிஸ்தோஃப் ஷாப்பெலரும் இதில் பங்கு கொண்டனர். இக்கோரிக்கைகள் அச்சேறி, சில வாரங்களில் நாடெங்கும் பரவின.

சபையார் தங்கள் போதகரைத் தாங்களே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது முதல் கோரிக்கை. தானியத்தின் தசமபாகத்தைத் தருவோம்; ஆனால் அதிலிருந்து போதகருக்கும், மீதியிலிருந்து ஊரிலுள்ள ஏழைகளுக்கும் கொடுக்கப்பட வேண்டும் என்பது இரண்டாவது. கிறிஸ்து தம் இரத்தத்தால் பிரபுவையும் இடையனையும் வேறுபாடின்றி மீட்டிருக்க, எங்களைப் பண்ணையடிமைகளாக வைத்திருப்பது எவ்வாறு தகும் என்று மூன்றாவது கோரிக்கை வினவியது. காட்டில் விறகு எடுக்கவும் ஆற்றில் மீன் பிடிக்கவும் உரிமை, வெட்டி வேலைக்கு வரம்பு, நியாயமான குத்தகை, பிரபுக்கள் கைப்பற்றிய பொதுப் புல்வெளிகளைத் திருப்பித் தருதல் ஆகியவற்றைப் பிற கோரிக்கைகள் கேட்டன. குடும்பத் தலைவன் இறந்தால் அவ்வீட்டின் சிறந்த மாட்டையோ உடையையோ பிரபு எடுத்துக்கொள்ளும் வழக்கம் அப்பகுதிகளில் இருந்தது. விதவைகளையும் அநாதைகளையும் கொள்ளையிடும் அவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பது பதினோராவது.

இவற்றின் ஓரங்களில் வேதவாக்கிய எண்கள் நிரம்பியிருந்தன. இவற்றுள் எதுவும் வேதத்துக்கு முரண் என்று காட்டப்பட்டால் அதைக் கைவிடுவோம் என்று பன்னிரண்டாவது கோரிக்கை உறுதி கூறியது. வேதத்தை வாசிக்கக் கற்றுக்கொடுத்த திருச்சபையிடம், அதே வேதத்தைக் கையிலேந்தி மக்கள் வந்து நின்றார்கள்.

3. பேச்சும் வாளும்

தென் ஜெர்மனியின் பிரபுக்களும் நகரங்களும் சேர்ந்து அமைத்த சுவாபியக் கூட்டணி குடியானவரோடு பேச்சு நடத்தியது. ஆயினும் அதன் போர்வீரரில் பலர் அப்போது இத்தாலியில் இருந்தனர்; அவர்கள் திரும்பும் வரை காலம் கடத்துவதற்கே பேச்சு பயன்பட்டது. ஏப்ரல் 4 அன்று லைப்ஹைம் என்னும் ஊரருகே கூட்டணியின் படை குடியானவரை முறியடித்தது. தப்பியோடிய பலர் தன்யூப் நதியில் மூழ்கி மாண்டனர். அவர்களோடு நின்ற யாக்கோபு வேஹே என்னும் போதகர் மறுநாள் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து, உயிர்த்தெழுந்த திருநாளாகிய ஏப்ரல் 16 அன்று, வைன்ஸ்பெர்க் நகரைக் கைப்பற்றிய குடியானவர் ஹெல்ஃபன்ஸ்டைன் பிரபுவையும் அவருடன் பிடிபட்டோரையும் ஈட்டிகளின் நடுவே ஓடவிட்டுக் கொன்றனர். அதுவரை அவர்கள் பல மடங்களையும் கோட்டைகளையும் சூறையாடியிருந்தனர். வரி ஏடுகளைக் கொளுத்தியிருந்தனர். கொலை அரிதாகவே நிகழ்ந்திருந்தது. எனினும் வைன்ஸ்பெர்க்கின் செய்தியே நாடெங்கும் பேசப்பட்டது. பின்னர் அக்கொலைக்குத் தலைமை தாங்கியவனை மரத்தில் கட்டி உயிரோடு எரித்தனர், நகரையும் கொளுத்தினர்.

4. லூத்தரின் இரு நூல்கள்

ஏப்ரல் மாதத்தில் லூத்தர் சமாதானத்துக்கான புத்திமதியாகத் தம் முதல் நூலை எழுதினார். இக்கேட்டுக்குக் காரணர் பிரபுக்களே என்று அதில் அவர் வெளிப்படையாகக் கூறினார். ஏழைகளை உரித்து ஆடம்பரமாய் வாழ்வதைக் கண்டித்தார். பல கோரிக்கைகள் நியாயமானவை என்று ஒப்புக்கொண்டார். அதே நூலில், வாளை எடுப்போர் கிறிஸ்துவின் பெயரைத் தரித்துக்கொள்ளலாகாது எனக் குடியானவரையும் எச்சரித்தார். பிரபுக்களிலும் நகர மன்றத்தாரிலும் சிலரைத் தெரிந்து வழக்கைத் தீர்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. ஆனால் பண்ணையடிமை முறை பற்றிய கோரிக்கையை அவர் ஏற்கவில்லை. ஆவிக்குரிய விடுதலையை அது சரீரத்துக்குரியதாக்குகிறது என்றும், முற்பிதாக்களுக்கும் அடிமைகள் இருந்தனர் என்றும் எழுதினார்.

மே மாதத்தில், துரிங்கியாவில் கிளர்ச்சியைத் தாமே கண்டபின், இரண்டாம் நூலை எழுதினார். அதில் குடியானவரை வெறிநாய்க்கு ஒப்பிட்டு, இயன்றவர் எவரும் அவர்களை வெட்டவும் குத்தவும் கொல்லவும் வேண்டும் என்றார். அது அச்சில் வந்த வேளையிலேயே, மே 15 அன்று, ஃபிராங்கன்ஹவுசன் போர் நிகழ்ந்தது. சீர்திருத்தத்தைத் தழுவிய ஹெஸ்ஸே பிலிப்பும், ரோமச் சபையைச் சேர்ந்த சாக்சனி ஜார்ஜும் அதில் ஓரணியில் நின்றனர். மாண்ட குடியானவர் 5000 பேருக்கு மேல் எனக் கணக்கிடுவர். அவர்களின் தலைவரும், ஒரு காலத்தில் லூத்தரைப் பின்பற்றியவருமான போதகர் தாமஸ் முன்ட்சர் மே 27 அன்று கொல்லப்பட்டார். கிளர்ச்சி முழுவதிலும் இறந்தோர் 70,000 முதல் 1,00,000 வரை என்பது மதிப்பீடு. கண்டனம் எழுந்தபோது, ஜூலையில் லூத்தர் மற்றொரு கடிதம் எழுதினார். தம் கடுஞ்சொல்லை அவர் திரும்பப் பெறவில்லை.

5. எமது தீர்ப்பு

சரணடைந்தவரைக் கொன்ற வைன்ஸ்பெர்க் செயலுக்கு வறுமை நியாயம் ஆகாது. கலகம் பெரும்பாலும் குற்றவாளியை விட்டு, கைக்கு அகப்பட்டவனையே தாக்கும். அதற்குப் பின்வரும் பழிவாங்குதலும் ஏழைகள் மீதே விழும். இவ்வளவில் லூத்தரின் அச்சம் ஆதாரமற்றதன்று. முன்ட்சரைப் புரட்சியின் முன்னோடியாகப் போற்றுவோரும் உளர். 1850-இல் எங்கெல்ஸ் அவ்வாறே எழுதினார்; கிழக்கு ஜெர்மன் அரசு 1990-இல் மறையும் வரை முன்ட்சரின் உருவம் அதன் 5 மார்க் நோட்டில் இருந்தது. ஆயினும் ஃபிராங்கன்ஹவுசனில் தேவன் வெற்றி தருவார் என்று அவர் அளித்த நம்பிக்கை, போர்ப்பயிற்சியற்ற மக்களைச் சாவுக்கு நடத்திச் சென்றது என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனால் ஆய்வு இத்துடன் முடிவதில்லை. ஏப்ரலில் நியாயமாயிருந்த கோரிக்கைகள் மே மாதத்தில் எவ்வாறு அநியாயமாகும்? விதவையின் மாட்டைப் பிடுங்கிய வழக்கம் வைன்ஸ்பெர்க்குக்கு முன் பாவமாயிருந்ததெனில், பின்னும் அது பாவமே. லூத்தர் கொலையைக் கண்டித்ததில் தவறில்லை. முதல் நூலில் பிரபுக்களுக்குச் சொன்னதை இரண்டாம் நூலில் வற்புறுத்தாது விட்டு, வாளுக்கு வரம்பின்றி உரிமை அளித்ததே தவறு. ரோமர் 13-ஆம் அதிகாரம் அதிகாரியைத் தேவ ஊழியக்காரன் என்கிறது; ஊழியக்காரன் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன் என்பது அப்போது மறக்கப்பட்டது.

இத்தவறின் விளைவு நீண்டது. கெம்ப்டன் போன்ற சில இடங்களில் உடன்படிக்கையால் சுமை சற்றுக் குறைந்தது. 1526-இல் ஸ்பைர் நகர் மன்றத்திலும் குறைகள் பேசப்பட்டன. ஆயினும் பாடன் நாட்டில் பண்ணையடிமை முறையை ஒழிக்கும் ஆணை 1783-இலும், பிரஷ்யாவில் 1807-இலும்தான் பிறந்தது. மூன்றாவது கோரிக்கைக்கு விடை வர இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

6. போதகருக்கு

முன்பு நாம் ஒரு கிராமச் சபையில் பணியாற்றியபோது, அறுவடைக் கூலி பற்றிய தகராறில் ஒரு வைக்கோற்போர் எரிந்தது. அடுத்த ஞாயிறன்று ரோமர் 13-ஆம் அதிகாரத்தின் மேல் பிரசங்கித்தோம். இக்கட்டுரையை எழுதுமுன் அந்த ஆண்டின் பிரசங்கக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தோம். அந்த ஞாயிறுக்கு முந்திய பதினொரு மாதங்களில் கூலியைப் பற்றி ஒரு பிரசங்கமும் இல்லை. யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரம் நம் கையில்தான் இருந்தது. அறுத்தவர்களின் கூலி கூக்குரலிடுவதை அது சொல்கிறது. நாம் அதைத் திறக்கவில்லை. லூத்தராவது முதல் நூலை எழுதினார். நாமோ இரண்டாவதிலிருந்து தொடங்கினோம்.

ஆகவே கலகம் நியாயமா என்னும் கேள்வியை மாணவர் தேர்வுத்தாளில் எழுதும்போது, அது எப்போது கேட்கப்படுகிறது என்பதையும் சேர்த்து எழுதுவாராக. வைக்கோற்போர் எரிந்தபின் மட்டும் அக்கேள்வியைக் கேட்கும் போதகர், எரிந்ததைக் கண்டிக்கும் உரிமையைப் பாதி இழந்தே பேசுகிறார். கோரிக்கை எழுத்தில் இருக்கும்போதே அதை வாசித்து, நிலமுடையோரின் வீட்டு வாசலில் சென்று பேசுவது நம் ஊழியத்தின் பகுதியாகும். அங்கே நாம் வரவேற்கப்படாமல் போகலாம். ஆயினும் அந்த வாசலுக்குச் சென்று வந்தவரே மறுநாள் கூலிக்காரரிடம் தீயை வைக்காதிருங்கள் என்று கேட்கத் தகுதியுடையவர்.