பாட்டு போடுவமா, வேணாமா?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாங்கள் ஆறேழு பேர் தலவாக்கலையில் ஒரு நண்பர் வீட்டில் கூடுவோம். கையெழுத்துச் சஞ்சிகை ஒன்று செய்கிறோம். ஒருவர் அட்டைப்படம் வரைவார், இரண்டு பேர் கட்டுரைகளைப் படியெடுப்பார்கள், ஒருத்தி தாள்களை அடுக்கி ஊசிநூலால் தைப்பாள். சல்லி வராத வேலை. ஆனால் அந்த மூணு மணித்தியாலத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருப்போம்.

கூடின உடனே ஒரு சண்டை வரும். பாட்டு போடுவமா, வேணாமா? வரைகிறவருக்குப் பாட்டு இல்லாமல் கை ஓடாது. படியெடுக்கிறவருக்குப் பாட்டு ஓடினால் வரி தப்பிப் போகும், சினிமாப் பாட்டின் சொல் ஒன்று கட்டுரைக்குள் வந்து விழும். ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நிறத்தோடும் கோட்டோடும் செய்கிற வேலைக்குப் பாட்டு துணை. சொல்லோடு செய்கிற வேலைக்குச் சொல் உள்ள பாட்டு இடைஞ்சல்.

போன மாசம் அந்த வீட்டு அம்மாயி எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "எங்க காலத்துல யாரு எங்களைக் கேட்டா, சத்தம் வேணுமா வேணாமான்னு?"

சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தோம். முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

மலையகத் தோட்டத்தின் நாள் ஒரு சத்தத்தோடுதான் தொடங்கியது. விடியுமுன்னே லயத்துப் பக்கம் தப்பு அடிப்பார்கள். அதற்குப் பெயர் பெரட்டுத் தப்பு. அது கேட்டால் எழும்ப வேண்டும், கொழுந்துக்கூடையோ மண்வெட்டியோ எடுத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போய் நிற்க வேண்டும். இன்னார் இந்த மலைக்கு, இன்னார் கவ்வாத்துக்கு என்று அங்கேதான் பிரிப்பார்கள். வீட்டில் கடிகாரம் இல்லாத காலத்தில் தப்புதான் கடிகாரம். ஆனால் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவர் தொரை.

அதே தப்புதான் திருவிழாவுக்கும், அதே தப்புதான் சாவு வீட்டுக்கும். மாசி மாதம் காமன் கூத்துக்கும் அதே தப்புதான். பெரட்டுக்கு அடிக்கும்போது அது வேலைக்கு இழுக்கும். காமன் கூத்தில் அடிக்கும்போது வேலையால் ஓய்ந்துபோன காலை ஆட வைக்கும். தோல் ஒன்று, குச்சி ஒன்று. யாருக்காக அடிக்கிறோம் என்பதில்தான் சத்தம் மாறுகிறது.

இதில் மறைக்கக் கூடாத ஒரு விசயம் இருக்கிறது. தப்பு அடிப்பதை ஒரு சாதியின் தலையில் கடமையாகக் கட்டி வைத்த வரலாறு கடலைக் கடந்து தோட்டத்துக்கும் வந்தது. அடித்தவர்களுக்கு அது பொழுதுபோக்கு இல்லை. மறுக்க முடியாத வேலை. அதனால் 'நம்ம பாரம்பரிய இசை' என்று சும்மா பெருமை பேசிவிட்டு நகர்ந்துவிட முடியாது. இன்றைக்கு இளைஞர்கள் சிலர் விரும்பித் தப்பு பழகுகிறார்கள். அந்த 'விரும்பி' என்ற சொல்லுக்குப் பின்னால் தலைமுறைகளின் அவமானம் இருக்கிறது.

மலைக்குப் போன பிறகு? கொழுந்து எடுக்கும்போது பாடினார்கள். நிரையில் ஒருத்தி தொடங்குவாள், பக்கத்து நிரைக்காரி எடுத்துக் கொடுப்பாள். கங்காணியைக் கிண்டல் செய்கிற பாட்டு, ஊரை விட்டு வந்த பாட்டு, பிள்ளைக் காம்பராவில் விட்டுவந்த குழந்தையை நினைக்கிற பாட்டு. கை கொழுந்தில் இருக்கும், பாட்டு வேறு எங்கேயோ இருக்கும். கங்காணி கிட்ட வந்தால் பாட்டு நிற்கும், இல்லாவிட்டால் வேறு பாட்டாகும் என்கிறார் அம்மாயி. தாலாட்டு, தெம்மாங்கு, கும்மி, ஒப்பாரி எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து வந்த மெட்டுகள்தான். ஆனால் அவற்றுக்குள் தேயிலையும் தொரையும் பெரட்டும் வந்து உட்கார்ந்துகொண்டன.

வேலை நேரத்து இசையைப் பற்றி வேறு நாட்டில் முதலாளிமாரும் யோசித்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1940 ஜூனில் பிபிசி 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. தொழிற்சாலைகளில் ஒலிபெருக்கி வழியாகத் தினமும் இரண்டு தடவை, அரை மணி அரை மணியாக இசை போட்டார்கள். வேலை சளைக்காமல் ஓட வேண்டும் என்பதுதான் நோக்கம். அதனால் பாட்டுகளைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்தார்கள். கேட்பவர்கள் கை தட்டுகிற மாதிரியான ஒரு பிரபலமான பாட்டை ஒதுக்கினார்கள், ஏனென்றால் தொழிலாளர்கள் கையில் இருக்கிற ஸ்பானரால் மேசையில் தட்டத் தொடங்கிவிடுவார்கள்! அந்த நிகழ்ச்சி 1967 வரை ஓடியது.

இதைப் படித்தபோது எங்களுக்கு இரண்டு பாட்டும் எதிரெதிராக நிற்பது போலத் தெரிந்தது. லண்டன் தொழிற்சாலையில் பாட்டு மேலேயிருந்து வந்தது, வேலைக்காக வந்தது. எங்கள் மலையில் பாட்டு நிரைக்குள்ளிருந்து வந்தது, வேலையைத் தாங்கிக்கொள்வதற்காக வந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ரெண்டும் 'வேலை செய்துகொண்டே பாட்டுக் கேட்பது'தான். உள்ளே இருக்கிறவருக்கு அப்படி இல்லை.

பாட்டு வேலைக்குத் துணையாக மட்டும் நிற்கவில்லை. தோட்டத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய கோ. நடேசய்யரோடு சேர்ந்து இயங்கிய அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவருடைய பாட்டுப் புத்தகம் 1940 இல் வந்தது. பிபிசி தொழிற்சாலைக்குப் பாட்டு போடத் தொடங்கிய அதே வருசம்! அங்கே பாட்டு வேலையை ஓட்டியது, இங்கே பாட்டு ஆட்களைக் கூட்டியது.

சரி, வேலை முடிந்த பிறகு? நம்முடைய சஞ்சிகை மாதிரி, சல்லி வராத, தனக்கென்று செய்கிற காரியம் அவர்களுக்கு இருந்ததா? இருந்தது. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. பகலெல்லாம் மலையில் நின்றவர்கள் ராவில் ஒத்திகை பார்த்தார்கள், வேடம் கட்டினார்கள், கிரீடத்துக்குத் தாள் ஒட்டினார்கள். அது பக்தி, நேர்த்திக்கடன் எல்லாம்தான். ஆனாலும் ஒரு நாளில் தொரையின் கணக்கில் சேராத மணித்தியாலம் அதுதான்.

அமைதி மட்டும் கிடைக்கவில்லை. 10 அடிக்கு 12 அடி காம்பரா, சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அடுத்த வீட்டு இருமல் நம் வீட்டு இருமல். 'எனக்கு அமைதி வேணும், அப்பத்தான் எழுத வரும்' என்று சொல்வதற்கு முதலில் ஒரு கதவு வேண்டுமே.

இந்தச் சத்தங்களை உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்த ஒருவர் எங்கள் பக்கத்துக்காரர். சி. வி. வேலுப்பிள்ளை 1914 இல் இங்கிருந்து அதிக தூரமில்லாத மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தார். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனார். அடுத்த வருசமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அவருக்கு வாக்குப் போட்ட மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களாகி, பிறகு வாக்குரிமையும் இழந்தார்கள். 1954 இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற நெடுங்கவிதை விடியற்காலைத் தப்புச் சத்தத்தோடுதான் தொடங்குகிறது. அவர் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983 இல் வந்தது. அடுத்த வருசம் அவர் இறந்துபோனார்.

இதை யோசித்தால் நெஞ்சு கனக்கிறது. மக்களின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த மக்களின் பாட்டை ஒரு மனுசன் தாளில் ஏற்றி வைத்தார். அவர் எழுதாமல் விட்டவை பாடினவர்களோடு போய்விட்டன. எங்கள் கூட்டத்தில் ஒருவருக்குக்கூட ஒரு கொழுந்துப் பாட்டு முழுதாகத் தெரியாது. அம்மாயிக்கும் பாதிதான் ஞாபகம் வருகிறது.

அந்தப் பாட்டுகள் ஏன் மறைந்தன? ஒரு காரணம் நமக்குப் பிடித்த காரணம்தான்: ரேடியோ. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 இல் தொடங்கியது. 1952 வாக்கில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கியபோது தமிழ்நாடே இலங்கைப் பக்கம் காதைத் திருப்பியது. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல் கடல் தாண்டிப் போனது. லயத்துக்கும் வந்தது. மின்சாரம் இல்லாத லயத்தில் பெட்டரி ரேடியோ. ஒரு வீட்டில் பாடினால் அந்த வரிசை முழுக்கக் கேட்கும். பெட்டரி இறங்கினால் வெயிலில் காயவைத்து இன்னும் ரெண்டு பாட்டுக் கேட்பார்கள்.

ரேடியோவைத் திட்ட எங்களுக்கு மனசு வரவில்லை. முதல் தடவையாக ஒரு தோட்டத் தொழிலாளி தன் கையால் ஒரு குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார், நிறுத்தினார். பெரட்டுத் தப்பை அப்படி நிறுத்த முடிந்ததா? ஆனால் ஒன்று நடந்தது. பாடினவர்கள் கேட்கிறவர்கள் ஆனார்கள்.

இன்னொரு சத்தத்தையும் சொல்ல வேண்டும். தலவாக்கலைக்குப் பக்கத்தில் செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சி. பெரியவர்களுக்கு அதன் இரைச்சல் காதிலேயே இருக்கும். மேல் கொத்மலைத் திட்டம் 2012 இல் 150 மெகாவாட் மின்சாரத்தோடு முடிந்தது. அணை எங்கள் நகரத்திலேயே இருக்கிறது. அருவிக்குப் போகிற தண்ணீர் குறைந்துபோனது. வெளிச்சம் வந்தது, இரைச்சல் போனது. அந்த அமைதியையும் நாங்கள் தெரிவு செய்யவில்லை.

இப்போது மறுபடியும் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்கு வருவோம். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு படம் வரைகிறோம், இல்லையென்றால் எல்லாத்தையும் நிறுத்திவிட்டு எழுதுகிறோம். இது சின்ன விசயம் மாதிரித் தெரியும். ஆனால் எங்கள் அம்மாயிமாருக்கு இந்தத் தெரிவு இருக்கவில்லை. இன்றைக்கும் இதே மலையில் லயத்துக்குள் படிக்கிற எத்தனையோ பிள்ளைகளுக்கு இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ளைக்குக் கதவடைத்த ஒரு அறை கிடைக்குமா என்பது ரசனைப் பிரச்சினை இல்லை, வீட்டுப் பிரச்சினை. காணி, வீடு என்று பேசும்போது அமைதியையும் அந்தக் கோரிக்கையில் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

எங்கள் சண்டைக்கு இப்போது ஒரு தீர்வு இருக்கிறது. முதல் மணித்தியாலம் எழுதுகிறவர்களுக்கு, ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது வரைகிறவர்களுக்கு, அவர்கள் போடுகிற பாட்டு. மூன்றாவது மணித்தியாலம் போனை அணைத்துவிட்டு அம்மாயியைக் கூப்பிடுகிறோம். அவருக்கு ஞாபகம் இருக்கிற பாதிப் பாட்டை அவர் பாட, ஒருவர் எழுதுகிறார். மற்றவர்கள் தாள்களை அடுக்கித் தைக்கிறோம். அடுத்த இதழில் அந்தப் பாதிப் பாட்டுகள் வரும். உங்கள் வீட்டில் மீதிப் பாதி தெரிந்த யாராவது இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு எழுதி வையுங்கள்.