கள்ளுக்கடையும் அடைக்கல மனையும்

மலாயாத் தோட்டங்களில் நிருவாகமே கள்ளுக்கடை நடத்திற்று. கொடுத்த கூலியில் ஒரு பங்கு அவ்வழியே திரும்பிற்று. லகாட்டு முதியோர்க்கு இதைச் சொல்லவும் வேண்டுமோ! குடியால் வேலையிழந்தவன் லயத்து வீட்டையும் இழந்தான். 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்தனர். கடையை மூடலாம், வீடற்று நின்றவன் எங்கே போவான்?

இவ்வினாவை இலண்டனில் முன்னரே எதிர்கொண்டவர் வில்லியம் பூத். 1865-இல் அவர் தொடங்கிய சமயப்பணி 1878-இல் ‘இரட்சணிய சேனை’ எனப் பெயர் பெற்றது. பசித்தவனிடம் வேதம் மட்டும் ஓதிப் பயனில்லை என்று கண்டு, 1888-இல் லைம்ஹவுஸ் பகுதியில் மலிவு உணவும் இரவுத் தங்கலும் அளித்தார். 1890-இல் வெளியிட்ட நூலில், முதலில் நகரில் அடைக்கலமும் தொழிலும், பின்னர்ப் பண்ணை வாழ்வு என்று படி வகுத்தார். மறு ஆண்டே ஹாட்லீயில் பண்ணை எழுந்தது. குடிகாரனை நம்பி வேலை கொடுத்தது அக்காலத்துக்குப் பெருந்துணிவே. அச்சேனை 1882-இல் பம்பாய்க்கும் 1935-இல் சிங்கப்பூருக்கும் வந்தது. பின்னர் ஈப்போவில் சிறார்க்கு இல்லம் அமைத்தது.