நடுவர்

பெயர்ச்சொல். நடு + அர். ‘நடு’ என்றால் மையம். எப்பக்கமும் சாயாமை என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. திருக்குறளின் 12ஆம் அதிகாரம் நடுவு நிலைமை. ஆள் பார்த்து உயிர் கவராத எமனுக்கும் ‘நடுவன்’ என்று பெயர்.

நிகரான வடசொல் மத்தியஸ்தர். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தகச் சோழனின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர்ச்சபைக்கு ஆள் தேரும் குடவோலை முறையை விவரிக்கிறது. சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று வாசிக்க வேண்டும். உள்ளிருக்கும் நம்பிமார் (பூசகர்) எல்லோரும் அதை மறுபடி வாசிக்க வேண்டும். நடுவரையும் சரிபார்க்கும் ஏற்பாடு அன்றே இருந்தது.

இன்றைய வழக்கு: பட்டிமன்ற நடுவர், காவிரி நடுவர் மன்றம், கால்பந்து நடுவர். உலகக் கோப்பைக் கால்பந்தில் வீடியோ உதவி நடுவர் முறை 2018இல் வந்தது. அவ்வாண்டு ஜூன் 16இல் பிரான்ஸ்–ஆஸ்திரேலியா ஆட்டத்தில், முதலில் ஆட்டத்தைத் தொடரவிட்ட நடுவர், மைதான ஓரத் திரையில் பார்த்துவிட்டு பிரான்சுக்கு பெனால்டி கொடுத்தார். விதிப்படி இறுதி முடிவு களத்தில் நிற்பவருடையதே. கேமரா கண்ணுக்குத் துணை. சாயாமை மட்டும் நடுவர் தாமே கொண்டுவர வேண்டியது.